இடைவழியில் பழகிய வாள்

முழங்கால் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று என்று ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தபோது, வலிக்குமா, எத்தனை நாள் படுக்க வேண்டும் என்றெல்லாம் என் மனைவி கேட்கவில்லை. தொலைபேசியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“இஞ்சாருங்கோ, போட்டி எப்ப?”

“கந்தசஷ்டி முடிய வாற சனி,” என்றேன்.

“இவை பொங்கலுக்குப் பிறகுதான் எண்டினம்.” முகம் வெளித்துவிட்டது. தொலைபேசியைத் திரும்பக் காதில் வைத்தாள். “வி, வி, மடாம். மெர்சி. வாறன்.” அந்தப் பக்கத்துப் பெண்ணுக்குக் கடைசிச் சொல் விளங்கியிருக்காது.

எங்கள் வீட்டில் நாள் நினைவு வைத்திருப்பது என் பொறுப்பு. முதல் பனி விழுந்த கிழமை, வெப்பமூட்டி பழுதான மாதம், யார் வீட்டுப் பிள்ளை எந்த மாரியில் பிறந்தது, எல்லாவற்றையும் நாள்காட்டியின் ஓரத்தில் குறித்து வைப்பேன். அவளுக்கு அப்படி இல்லை. அவளுடைய நாள்காட்டியில் அந்த வருடம் இரண்டே குறிப்புகள்தான் இருந்தன: வாள்போட்டி, முழங்கால். முதலாவது இரண்டாவதுக்கு முந்தி வர வேண்டும்.

மருத்துவர் முன்பே விளக்கமாகச் சொல்லியிருந்தார். புது முழங்காலோடு நடக்கலாம், நீந்தலாம், சைக்கிள் ஓடலாம். முன்காலை எறிந்து பாய்வது மட்டும் இனி இல்லை. வாள் பிடிப்பவருக்கு அந்தப் பாய்ச்சல்தான் பாதி வித்தை. ஆகவே ஆற்றுக்கு அப்பால் லவால் நகரில் நடக்கவிருந்த போட்டிதான் அவளுடைய கடைசிப் போட்டி. அதற்கு முன் இரண்டு போட்டிகளுக்குப் போயிருந்தாள். இரண்டிலும் காலை நேரக் குழுச்சுற்றோடு வெளியே வந்துவிட்டாள். குழுச்சுற்று மண்டபத்தின் மூலைகளில் ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் நடக்கும். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அதில் ஒவ்வொரு குழுவிலும் முதல் இருவருக்குத்தான் பின்னேரம் நடு வட்டம். அந்த நேரம் மற்ற வட்டங்கள் எல்லாம் ஓய்ந்துவிடும். எல்லோரும் சுற்றிவர நிலத்தில் உட்கார்ந்து, நடுவில் நிற்கும் இருவரை மட்டும் பார்ப்பார்கள்.

“எனக்குப் பதக்கம் வேண்டாம்,” என்றாள். “அந்த நடு வட்டத்துக்குள்ளை ஒருக்கால் நிண்டால் காணும்.”

இந்த வாள் எங்கள் வாழ்க்கைக்குள் வந்தது தற்செயலாகத்தான். கியூபெக்கில் பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதிக்கு நாங்கள் குடிவந்த பிறகு வந்த கோடையில், பூங்காவில் சிலர் மெல்ல மெல்ல வாள் வீசிக்கொண்டு நின்றார்கள். பிடியின் நுனியில் சிவப்புக் குஞ்சம் தொங்கியது. ஜியென் என்று சீனர் சொல்லும், இருபக்கமும் கூருள்ள நேர்வாள் அது. மனைவி மரக்கறிப் பைகளைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். தோடம்பழம் ஒன்று உருண்டுபோய் வாள்காரர் ஒருவரின் காலடியில் நின்றது. அதை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தவர்தான் எங்கள் ஆசிரியை. பெற்றோர் ஹாங்காங்கிலிருந்து வந்தவர்கள். அவர் இங்கேயே பிறந்தவர். பகலில் ஒரு பல் மருத்துவ நிலையத்தில் பல் சுத்தம் செய்யும் வேலை. எங்களைவிட நன்றாக வயது குறைந்தவர். அசல் கியூபெக் பிரெஞ்சில் எங்களை விரட்டுவார்.

மனைவி அடுத்த கிழமையே சேர்ந்துவிட்டாள். பகல் முழுக்க கார்டெரி எனும் குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளோடு நிலத்தில் இருந்தெழும்பும் வேலை அவளுக்கு. அதே முழங்காலோடு சனிக்கிழமைகளில் வாள். நான் ஓரத்து வாங்கில் உட்கார்ந்து புத்தகத்தோடு காவல் இருப்பேன். ஒருநாள் வகுப்பில் ஆள்கணக்கு ஒற்றைப்படையாகிவிட்டது. ஆசிரியை என் புத்தகத்தை வாங்கி வாங்கில் கவிழ்த்து வைத்துவிட்டு, கையில் ஒரு மரவாளைத் திணித்தார். அந்தப் பக்கத்தை நான் பிறகு வாசித்தேனோ என்பது நினைவில்லை.

சீனரிடம் ஒரு பழமொழி உண்டு. ஒருபக்கக் கூர்வாளுக்கு நூறு நாள், ஈட்டிக்கு ஆயிரம் நாள், இந்த இருபக்கக் கூர்வாளுக்குப் பத்தாயிரம் நாள். ஆசிரியை அதைச் சொன்ன அன்று மெற்றோவில் வரும்போது நான் கணக்குப் பார்த்து, இருபத்தேழு வருடத்துக்குச் சற்று மேலே வருகிறது என்றேன்.

“இருபத்தேழு வருஷமோ?” என்றாள் மனைவி. “உங்களைப் பழக்கி எடுக்கவே அவ்வளவு செண்டுது. இன்னும் முடியேல்லை.”

வகுப்பு கிழமைக்கு ஒருநாள். மற்ற நாள்களில் வீட்டில் பழக வேண்டும். பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் வீட்டைப் போன்ற பழைய மாடிவீடுகளின் அமைப்புத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும்: வாசலிலிருந்து குசினி வரைக்கும் ஒரு நீண்ட, ஒடுங்கிய இடைவழி. ஒரு பக்கம் வெப்பமூட்டி. மறுபக்கம் ஆணிகளில் குளிர்ச்சட்டைகள், கீழே சப்பாத்துகள். வாள் பழகுவதற்கு வேறு இடமே இல்லை. அவள் குசினிப் பக்கம் நிற்பாள், நான் வாசல் பக்கம் நிற்பேன். முன்னுக்குப் போகலாம், பின்னுக்கு வரலாம். பக்கமாகக் கால் வைத்தால் முழங்கை வெப்பமூட்டியில் அடிபடும், அல்லது வாள்நுனி யாரோ ஒருவருடைய சட்டைப் பையில் செருகிக்கொள்ளும்.

அதிகம் பழகியது இருவர் ஆட்டம் என்ற பாடத்தைத்தான். முன்பே வகுத்த அசைவுகள். அவள் குத்த நான் தட்ட, நான் வெட்ட அவள் தாங்க, இரண்டு வாளும் பிரியாமல் ஒட்டியபடியே சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் இருவரும் ஒரே நொடியில் கையை நீட்டி, ஒருவர் வாள்நுனியை மற்றவர் மணிக்கட்டில் வைத்து, அசையாமல் நிற்க வேண்டும். பார்க்க அவ்வளவு வடிவாக இருக்கும். மாரிகாலம் முழுக்க, சோறு வேகும் நேரத்தில், அந்த இடைவழியில் இதைச் செய்தோம். பேச்சே தேவையில்லை. வாள் வாளைத் தொட்டிருக்கும்போது மற்றவர் என்ன நினைக்கிறார் என்று உள்ளங்கையில் தெரியும். வாளால் கேட்பது என்று சீனர் இதைச் சொல்கிறார்கள். அவள் அடுப்பை நினைத்துவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும். நான் வேலையிடத்தை நினைத்தால் அவளுக்கு.

போட்டி வேறு உலகம். அங்கே வகுத்த அசைவு கிடையாது. வலை முகக்கவசம், தடித்த கையுறை, பஞ்சு வைத்த மேலங்கி, கூர் மழுக்கிய உருக்குவாள். நடுவர்கள் கொடியோடு நிற்பார்கள். தொட்டவருக்குப் புள்ளி. இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் தொட்டுவிட்டால் இரட்டை என்று சொல்லி இருவருக்கும் ஒன்றும் தரமாட்டார்கள். ஒரே சண்டையில் மூன்றாவது முறை இரட்டை விழுந்தால் இருவருமே தோற்றவர்கள். இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். கூரான வாளாக இருந்தால் இருவரும் செத்திருப்பீர்கள், செத்தவர் வெல்ல முடியாது என்பது அதன் நியாயம். முதல்முறை வாசித்தபோது எனக்கு மிகவும் பிடித்துப்போன விதி அது. அது எங்கள் தலையில் விழும் என்று தோன்றவில்லை.

போட்டிக்கு அவள்தான் பெயர் கொடுத்தாள். அவளுக்குத் துணையாக இருக்கட்டும் என்று நானும் கொடுத்தேன்.

அன்று காலை அவளுடைய தம்பி லவாலிலிருந்து காரில் வந்து எங்களை ஏற்றினான். வாள்பையைப் பின்னுக்கு வைக்கும்போதே தொடங்கிவிட்டான்.

“அக்கா, சூரன்போர் முடிஞ்சு ரெண்டு நாளாச்சே. நீ பிந்திப்போனாய்.”

“டேய், காரை ஓட்டு.”

“அத்தான், நீங்கள் ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் சந்திச்சால் என்ன செய்வியள்?”

“சந்திக்க மாட்டம்,” என்றேன். “ஒரே கழகத்து ஆக்களை வேற வேற குழுவிலைதான் போடுவினம்.”

போட்டார்கள்தான், மற்றப் பிரிவுகளில். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவில் மட்டும் ஆள் போதாது. வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கழகத்தவர். எங்கள் குழுவில் நான்கு பேர்: ஒட்டாவாவிலிருந்து வந்த ஒரு பெண், எங்கள் கழகத்தின் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, என் மனைவி, நான். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு மைத்துனன் சத்தமாகச் சிரித்தான்.

“அத்தான், அக்காவை அடிச்சியளெண்டால் இரவுச் சாப்பாடு எங்கை?”

“உன்ரை வீட்டை,” என்றேன்.

ஒட்டாவாப் பெண் எங்கள் மூவரையும் தோற்கடித்தார். மனைவி பஸ் சாரதியை வென்றாள். அந்தச் சண்டையில் அவள் பாய்ந்த ஒரு பாய்ச்சலை ஆசிரியை ஓரத்தில் நின்று கைதட்டி வரவேற்றார். ஆனால் பாய்ந்த கால் திரும்பி வரச் சற்றுத் தயங்கியதை நான் பார்த்தேன். பஸ் சாரதி என்னை வென்றார். நான் இருவரிடமும் பின்வாங்கிப் பின்வாங்கி, நேரம் முடியும்வரை தப்பி ஓடி, ஒவ்வொரு அடியோடு தோற்றிருந்தேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சண்டை: அவளும் நானும். வென்றால் அவள் நடு வட்டத்துக்குப் போவாள். எனக்கு அதில் வெல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் சாரதி என் தோளில் கையைப் போட்டார். பருத்த உடம்பு, நல்ல மனிதர். “நண்பரே, மடாமுக்கு வழி விட்டுவிடுங்கள். ஒரு பூங்கொத்தைவிட மலிவு.”

மனைவிக்குப் பிரெஞ்சு வடிவாக விளங்கும். முகக்கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னாள்.

“விட்டுத் தந்தீங்களெண்டால் எனக்கு வாளிலை தெரியும். பேந்து வீட்டை வராதேங்கோ.”

“நீர் எவ்வளவு ஆசைப்பட்டனீர் எண்டு எனக்குத் தெரியும்...”

“அதுதான் சொல்லுறன். மூண்டு வருஷமாய் ஆசைப்பட்டது, நீங்கள் தந்து வாங்கவோ?”

வட்டத்துக்குள் போனோம். முதலில் இரண்டு தொடுகை பெறுபவர் வென்றவர். வாளை முகத்துக்கு நேரே நிமிர்த்தி வணக்கம் சொன்னோம். வலைக்குப் பின்னால் அவள் கண் தெரியவில்லை.

முதல் மோதல் தொடங்கியதுமே வாள்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு சுற்று, இன்னொரு சுற்று. அவள் கை நீள்வதை உணர்ந்தேன். என் கையும் நீண்டது. அவள் நுனி என் மணிக்கட்டில். என் நுனி அவள் மணிக்கட்டில். அசையாமல் நின்றோம்.

“டூப்ள்!” என்று நடுவர் இரட்டையைக் கூவினார்.

சோறு வேகும் நேரம் முழுக்கச் செய்ததை உடம்பு அப்படியே செய்துவிட்டது. எங்களுக்கே வெட்கமாகப் போனது. இரண்டாவது மோதலில் அவள் விழித்துக்கொண்டு, நான் கை நீட்டுவதற்கு முன்னே முன்கையில் வெட்டினாள். அவளுக்கு ஒன்று. மூன்றாவதில் திரும்பவும் இரட்டை. சுற்றி நின்ற சிலர் எங்களைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆசிரியைதான் தாங்கமாட்டாமல் ஓரத்திலிருந்து கத்தினார்.

“இங்கே சுவர் இல்லை! நீங்கள் வீட்டில் இல்லை! பக்கமாகப் போங்கள், பக்கமாக!”

அப்போதுதான் கீழே பார்த்தேன். அவ்வளவு பெரிய வட்டத்தில், நேர்கோடு ஒன்றின் மேல் நாங்கள் முன்னுக்கும் பின்னுக்கும் போய்வந்துகொண்டிருந்தோம். கண்ணுக்குத் தெரியாத வெப்பமூட்டி ஒரு பக்கம். கண்ணுக்குத் தெரியாத குளிர்ச்சட்டைகள் மறுபக்கம். வேறு எந்த இருவருக்கும் அங்கே அந்த இடைவழி இருந்திருக்காது.

நாலாவதில் அவள் பாய்ந்தாள். முழங்கால் ஒரு கணம் பிந்தியது. அவள் கை வந்து சேருமுன் என் நுனி அவள் முன்கையில் பட்டுவிட்டது. ஆளுக்கு ஒன்று. இரட்டையும் இரண்டாகியிருந்தது. இனி ஒரு சுத்தமான தொடுகை விழுந்தால் ஒருவர் வென்றவர். இன்னொரு இரட்டை விழுந்தால் இருவரும் வெளியே. பஸ் சாரதி நடு வட்டத்துக்குப் போவார். அவருக்கும் அது விளங்கிவிட்டது.

“அப்படியே செய்யுங்கள், அருமையாக இருக்கிறது!” என்று எங்களை உற்சாகப்படுத்தினார்.

“அண்ணை கெட்டிக்காரன்,” என்றான் மைத்துனன் தமிழில்.

வாள்கள் திரும்பவும் ஒட்டின. நான் அந்த நேரம் நினைத்ததை இன்றுவரை கூட்டாமல் குறைக்காமல் சொல்ல முடியும். நேரே போனால் இரட்டைதான். எங்கள் இருவரின் கையும் வேறு வழி அறியாது. யாராவது ஒருவர் கோட்டை விட்டு விலக வேண்டும். அவளுடைய முழங்கால் பக்கமாகப் போக விடாது. ஆகவே நான்தான். விலகினால் அவள் என்னைத் தொடலாம், நான் அவளைத் தொடலாம். எதுவென்றாலும் இருவரையும் சேர்த்து வெளியே அனுப்ப மாட்டார்கள். அவ்வளவுதான் நினைத்தேன். அவள் கை நீளும் அசைவு உள்ளங்கையில் வந்தது. நான் இடக்காலைப் பக்கமாக வைத்தேன், வெப்பமூட்டி இருக்கும் இடத்தில். அவள் நுனி என் கையை உரசாமல் காற்றில் போனது. என் நுனி அவள் மணிக்கட்டில் இறங்கியது.

மூன்று கொடிகளும் என் பக்கம் எழுந்தன.

அவள் வாளைத் தாழ்த்தி வணக்கம் சொன்னாள். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. பிறகு முகக்கவசத்தைக் கழற்றினாள். முகம் முழுக்க வியர்வை. கண்ணில் இருந்தது வியர்வை மட்டும்தானா என்று நான் பார்க்கவில்லை.

“அந்த ஹீட்டருக்குப் பயந்து மூண்டு வருஷமாய் நேரை வந்த மனுசன்,” என்றாள் மெல்ல. “இண்டைக்கே பக்கத்தாலை போகோணும்?”

“வேற வழி தெரியேல்லை.”

“தெரியும்,” என்றாள். “விட்டுத் தரேல்லை. அதுவும் தெரிஞ்சுது.” சொல்லிவிட்டு வாங்குக்குப் போய் முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளோடு போய் உட்காரவா, தூர நிற்பதா என்று தெரியாமல் நான் வாளின் பிடியைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகுதான் சங்கடம். பஸ் சாரதி, மனைவி, நான் மூவருக்கும் ஒவ்வொரு வெற்றி. அப்படி வந்தால் யார் குறைவாக அடி வாங்கினாரோ அவரே அடுத்த சுற்றுக்கு. மற்ற இருவரும் துணிந்து சண்டை பிடித்து அடி வாங்கியவர்கள். ஓடித் தப்பிய என் கணக்கில்தான் அடி குறைவு. அவள் மூன்று வருடமாக ஆசைப்பட்ட நடு வட்டத்துக்கு என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

நேரே அவளிடம் போனேன். “நான் விலகிறன். காலிலை சுளுக்கு எண்டு சொல்லுறன்.”

“என்ரை முழங்காலுக்கு முன்னாலை நிண்டு சுளுக்குக் கதை கதைக்காதேங்கோ.” ஐஸ் பையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள். “ஆரோடை எண்டு தெரியுமோ? அந்தச் சேர்புரூக்காரரோடை. காலமை தொடக்கம் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறன். எனக்கெண்டு பார்த்தனான். இப்ப உங்களுக்குச் சொல்லுறன். கேளுங்கோ.”

மற்றக் குழுவில் வென்று வந்த அந்த சேர்புரூக் நகரத்துக்காரர் நல்ல உயரம். முன்பு நவீன வாள்விளையாட்டில் பழகியவர். நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளிக்கொண்டே இருப்பார். கை நீளம் வேறு. அவர் குத்துவதற்குச் சற்று முன் பின்னாலிருக்கும் இடக்குதியைத் தூக்குகிறார், அதைப் பார்க்க வேண்டும், கையைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அவளுடைய கண்டுபிடிப்பு. ஒவ்வொருவருக்கும் துணையாக ஒருவர் வட்டத்தின் ஓரத்தில் நின்று கத்தலாம் என்பது அங்கே விதி. அவள் போய் என் ஓரத்தில் நின்றாள்.

எல்லோரும் சுற்றிவர உட்கார்ந்தார்கள். மண்டபம் அமைதியாகிவிட்டது. நடுவில் நின்றபோது, இந்த இடத்துக்கு ஏன் அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்கு விளங்கியது. அதோடு, நான் நிற்கக்கூடாத இடத்தில் நிற்கிறேன் என்பதும்.

நடு வட்டத்தில் மூன்று தொடுகை பெறுபவர்தான் வென்றவர். தொடங்கியதும் அவர் குத்தினார். ஒன்று. நான் கையைத்தான் பார்த்திருந்தேன்.

“குதி! குதியைப் பாருங்கோ எண்டனான்!” மண்டபம் அதிர்ந்தது. “அவருக்குத் தமிழ் தெரியாது, நீங்கள் ஏன் தெரியாத மாதிரி நிக்கிறியள்?”

இரண்டாவது குத்து. இரண்டு. இன்னும் ஒன்று வாங்கினால் முடிந்தது.

“பொறுங்கோ... பொறுங்கோ... ஓடாதேங்கோ... இப்ப! கைக்கு!”

என் கை போய்விட்டது. அவர் குதி எழுந்ததை நான் பார்த்தேனா என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. அவள் பார்த்தாள், என் வாள்நுனி அவருடைய மணிக்கட்டில் இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மைத்துனன் பக்கத்திலிருந்த யாரோ ஒருவரிடம் ஆங்கிலத்தில் விளக்கம் கொடுப்பது கேட்டது. பிறகு தமிழில் எனக்கும் சொன்னான்: “அத்தான், அக்கா ரிமோட் கொன்ட்ரோலை வைச்சிருக்கிறா. நீங்கள் சும்மா நில்லுங்கோ!”

அதற்குப் பிறகு அதிக நேரம் எடுக்கவில்லை. சேர்புரூக்காரர் புத்திசாலி. அவள் கத்தத் தொடங்குவதற்கு முன்பே அடித்து முடிக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். நான் தோற்றேன்.

வணக்கம் சொல்லி என் கையைக் குலுக்கிவிட்டு, அவர் நேரே அவளிடம் போனார். “மடாம், என் எதிராளி நீங்கள்தான் என்று நினைக்கிறேன்,” என்றார். “அடுத்த சண்டைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வட்டம் சும்மாதான் கிடக்கிறது. வாருங்கள், புள்ளி வேண்டாம், நாம் இருவரும் கொஞ்சம் விளையாடுவோம்.”

நல்ல மனதோடு கேட்டார். அவள் கண் நடு வட்டத்துக்குப் போனது. ஆட்கள் இன்னும் எழும்பவில்லை. ஆசிரியை அவளுடைய வாளை எடுத்துக்கூட நீட்டிவிட்டார். நானும் போகட்டுமே என்றுதான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். அவள் அவருக்கு வடிவாகத் தலை வணங்கி, “நோன், மெர்சி, முஸ்யே,” என்றாள்.

பிறகு வாளைப் பைக்குள் வைக்கும்போது என்னிடம் சொன்னாள்: “வெண்டு போறவைக்குத்தான் அந்த இடம். கூப்பிட்டு ஏத்திறதெண்டால் எனக்கு வேண்டாம்.”

திரும்பி வரும் வழியில் அவள் முன் இருக்கையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாலத்தில் வாகன நெரிசல். மைத்துனன்கூடப் பகிடி விடவில்லை. ஆற்றுக்கு மேலே கார் ஊர்ந்துகொண்டிருந்தபோது நான் பின்னாலிருந்து, “கோபமோ?” என்று கேட்டேன்.

“ஓம்,” என்றாள். முழங்காலைத் தடவிக்கொண்டு, “உங்களிலை இல்லை. முழங்காலிலை. அது ஒரு அரை அடி வந்திருந்தால் உங்களைப் பிளந்திருப்பன்.”

“பிளந்திருப்பீர்,” என்றேன். உண்மைதான்.

“அந்தக் கடைசி அடி நல்ல அடி. சொல்லாமல் விடப்படாது.” அதோடு விட்டாளா என்றால் இல்லை. பாலம் முடிந்ததும் தொடங்கினாள். சேர்புரூக்காரரோடு நான் விட்ட பிழைகள், நின்ற நிலை, பார்த்த பார்வை, முதல் குத்துக்கு முன் ஏன் பின்வாங்கினேன், இரண்டாவது குத்துக்கு முன் ஏன் பின்வாங்கவில்லை. வீட்டு வாசலில் கார் நின்றபிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. வெளிப்படிக்கட்டைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறும்போது அதையும் சொன்னாள். மேலே போய்க் கதவைத் திறந்ததும் திரும்பினாள்.

“அவரை எப்பிடி வெல்லுறதெண்டு எனக்குத் தெரியும். நாளைக்குக் காட்டுறன். பொங்கலுக்கு இன்னும் நாள் கிடக்கு.”

மறுநாள் ஞாயிறு. பின்புற ஒழுங்கையில் பகல் வெயில், ஆனால் வாயிலிருந்து ஆவி பறந்தது. சேர்புரூக்காரர் துள்ளும் ஆள் என்பதால் வீட்டுக்குள் முடியாது என்று அவளே முடிவெடுத்திருந்தாள். அவருடைய உயரத்துக்கு என்னைக் கொண்டுவர வேண்டும் என்று ஒரு பால்பெட்டியைக் கவிழ்த்து, அதன் மேல் ஏறச் சொன்னாள். பெட்டியின் மேல் நின்று எப்படித் துள்ளுவது என்று கேட்டேன். சரி, இறங்குங்கோ, கையை மட்டும் உயர்த்திப் பிடியுங்கோ என்றாள். நான் துள்ளினேன். இடக்குதியைத் தூக்கினேன். குத்தினேன்.

அவள் பாயவில்லை. நின்ற இடத்திலேயே உடம்பைச் சற்றுத் திருப்பி, நான் குத்திய கை கடந்து போகுமட்டும் பொறுத்து, மணிக்கட்டில் தொட்டாள். திரும்பவும் குத்தினேன். திரும்பவும் தொட்டாள். எவ்வளவு முயன்றும் என் நுனி அவளிடம் போய்ச் சேரவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை, அப்படிச் செய்யக்கூடிய நிலையில் அன்று நான் இருக்கவும் இல்லை. மூன்றாம் மாடிப் பின்படிக்கட்டில் கோப்பிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்த கிரேக்கக் கிழவர் “பிராவோ!” என்றார். எதிர்வீட்டுப் பஞ்சாபிப் பெண் காயப்போட வந்த துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார். கீழ்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வந்து வேலியில் ஏறி உட்கார்ந்தன.

அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாளை மீண்டும் என் பக்கம் நேராக்கினாள்.

“இன்னொருக்கால்,” என்றாள். “இந்தமுறை வடிவாய்த் துள்ளுங்கோ. அவர் இப்பிடிச் சோம்பேறி இல்லை.”